உதவியவர்கள்

“இன்னிக்காவது பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாயேன்!” என்று லொரெட்டா கத்தினாள். அவள் கணவன் வெர்ன் கண்ணடித்துவிட்டு, அதே பூட்ஸோடு பந்து உருட்டும் பௌலிங் அரங்குக்குக் கிளம்பினான். அங்கே பக்கத்து வீட்டு பிரெண்டன் சுட்டுத் தள்ளிய ஒன்பது பேரில் அவனும் ஒருவன்.

மூன்று மாதம் கழித்து அரசு வக்கீல் வீட்டுக்கு வந்தார்.

“மேடம், கொலை வழக்கைப் பயங்கரவாத வழக்கா மாத்தணும்னு மத்த எட்டுக் குடும்பமும் கேட்டாச்சு. நீங்களும் சரின்னா மாத்திடுவோம். டிவியில முதல்ல கேட்டதே நீங்கதானே?”

“மாத்தினா என்ன ஆகும்?”

“இப்போ வழக்கு பிரெண்டன் ஒருத்தனோட நிக்குது. மாத்திட்டா, அவனுக்கு உதவின யாரையும் விடமாட்டோம். துப்பாக்கி அவன் தாத்தாவோடது. தோட்டா குடுத்தது யாருன்னு தோண்டி எடுத்துடுவோம்.”

லொரெட்டா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். “வேண்டாம் சார். கொலை வழக்காவே இருக்கட்டும்.”

வக்கீல் முகம் சுளித்துக்கொண்டு போனதும் மகன் கோல்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“அப்பாவைக் கொன்னவன் மேல இரக்கமாம்மா?”

“அவன் நரகத்துக்குப் போகட்டும். தோட்டாப் பெட்டியைக் குடுத்தது நீதானேடா?”

கோல்பி படியிலேயே உட்கார்ந்தான். “மான் வேட்டைக்குன்னுதாம்மா கேட்டான். சீசன்ல கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு, அப்பாதான் எடுத்துக் குடுக்கச் சொன்னாரு.”

“தெரியும். நானும் பக்கத்துலதான் நின்னேன்.”

அடுத்த ஆண்டும் அவர்களுடைய மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டை நவம்பர் பதினைந்தாம் தேதிதான் தொடங்கியது.