உச்சி முகரும் நேரம்

எல்லாரும் சௌக்கியம்தானே? இருமல், சளி ஒன்றும் இல்லையே? அப்படியானால் இதைக் கேளுங்கள்.

"தலையை ஆட்டாதேடி! மண்ணு கண்ணுல போச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது" என்று மஹ்ஜூபா அதட்டினாள்.

தொட்டியில் நின்ற இத்தோ இன்னும் வேகமாக ஆட்டினாள். "எரியலையே கால்த்தி, எரியலையே!" கால்த்தி என்றால் சித்தி; மஹ்ஜூபாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தலைக்குத் தேய்க்கும் களிமண்ணை நேற்றே ஊற வைத்திருந்தாள் மஹ்ஜூபா. கிராம்பு, காய்ந்த ரோஜா இதழ், ஒரு கைப்பிடி லாவண்டர் எல்லாம் அதில் இருந்தன. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு போடமாட்டார்கள்.

"எங்கம்மா எனக்கு இப்படித் தேய்ச்சு விட்டிருந்தா நல்ல புருஷனாக் கிடைச்சிருப்பான்" என்றாள் சமையற்கட்டு வாசலில் நின்ற சமையற்காரி தாமு.

"சும்மா இரு தாமு. இன்னிக்கு விட்டா இவளுக்கு வேற நாள் இல்ல."

உண்மைதான். அஸ்ரூ ஊரில் இருந்த அந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் எட்டு வயது வரைக்கும்தான் வைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் இத்தோவுக்கு எட்டு முடிகிறது. அதற்குள் ஏதாவது ஒரு குடும்பம் வளர்க்கக் கூட்டிப்போகாவிட்டால், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய விடுதிதான். அங்கே இருநூறு பிள்ளைகளில் இவளும் ஒருத்தி.

இதுவரை மூன்று குடும்பங்கள் வந்தன; இன்று மத்தியானம் நான்காவது வருகிறது. எல்லோருக்கும் இவள் முகம் பிடித்தது, பேச்சும் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த வீட்டம்மா ஆசையாகக் குனிந்து இவள் உச்சியில் முத்தம் கொடுப்பாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்வாள். யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், போய்விடுவார்கள்.

வாரம் முழுக்க மணக்கிற தலை, விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் நாறியது. டாக்டர் துருவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அப்படியென்றால் இது கண்ணேறுதான் என்று மஹ்ஜூபா முடிவு கட்டினாள். படிகாரத்தை நெருப்பில் போட்டுப் பொரித்து, அந்தப் புகையை இத்தோவின் தலையைச் சுற்றி ஏழு தடவை காட்டினாள்.

பதினொரு நாள் சிசுவாக வாசலில் கிடந்தவளை முதலில் கையில் எடுத்தது அவள்தான். அன்றிலிருந்து இந்தத் தலைக்கு வேறு யாரும் தேய்த்துவிட்டதில்லை.

தாமு குரலைத் தாழ்த்தினாள். "நீ போறத இவகிட்ட சொன்னியா?"

இன்றோடு மஹ்ஜூபாவின் வேலை முடிகிறது. சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸில் தாஞ்சியர் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அவளுக்கே கூடத்து மூலைதான் கிடைக்கும். இத்தோவையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டதற்கு, "இன்னொரு உருப்படிய எங்கம்மா படுக்க வைக்கிறது?" என்று மகன் போனிலேயே சொல்லிவிட்டான்.

"இன்னும் சொல்லல. சொன்னா அழுவா. அழுது வீங்கின மூஞ்சிய யாரு கூட்டிட்டுப் போவா? இவ நல்லபடியா கார்ல ஏறட்டும், அப்புறம் நான் பஸ் ஏறிக்கிறேன்."

தலையைத் துவட்டி, ஆரஞ்சுப் பூ நீர் தெளித்து, சிக்கெடுத்து, நாடா சுற்றிப் பின்னிவிட்டாள். ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். தோட்டம் மாதிரி இருந்தது.

"அந்தம்மா முத்தம் குடுக்கறப்ப அசையாம நிக்கணும். என்னா, என் ஈரக்குலையே?"

"சரி கால்த்தி. பசிக்குது, தாமுகிட்ட ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று இத்தோ சமையற்கட்டுக்குள் ஓடினாள். வெள்ளிக்கிழமை ஆனதால் உள்ளே கோதுமை ரவை கூஸ்கூஸ் வெந்துகொண்டிருந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் வாத்தியார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் பிள்ளை இல்லை.

"உன் பேரு என்னம்மா?"

"இத்தோ."

"அட! எங்க ஆத்தா பேருங்க!" அந்தப் பெண் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மஹ்ஜூபா தன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யா ரப்பி, யா ரப்பி என்று இறைவனைக் கூப்பிட்டு முணுமுணுத்தாள்.

அந்தப் பெண் குனிந்து இத்தோவை அணைத்து உச்சி முகர்ந்தாள். அப்படியே நின்றாள். மெல்லக் கையை எடுத்தாள்.

"பிள்ளைக்குத் தலையில ஏதாவது சீக்கா?" என்று கணவன் தணிந்த குரலில் கேட்டான்.

"சத்தியமா இல்லைங்க! காலையிலதான் நானே குளிப்பாட்டினேன். டாக்டர் சீட்டு இருக்கு, காட்டட்டுமா?"

"வேணாம். இன்ஷா அல்லா, யோசிச்சுச் சொல்றோம்."

கார் வளைவு திரும்பி மறைந்தது. மணி மூன்றரை. மஹ்ஜூபா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இத்தோவை இழுத்து மடியில் சாய்த்து நாடாவை உருவினாள். ஆரஞ்சுப் பூவையும் மீறிக் குப்பென்று அடித்தது நாற்றம். உச்சிமயிருக்கு நடுவில் மஞ்சளாக ஒரு பிசுக்கு இருந்தது. சமையற்கட்டு ஜாடியில் வருஷக்கணக்காகப் புளித்த வெண்ணெய். கூஸ்கூஸில் ஒரு துளி விட்டாலே வீடு முழுக்க வாசம் தூக்கும்.

அப்படியானால் இது கண்ணேறு இல்லை. மஹ்ஜூபா இத்தோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்தப் பாவிடி இதைத் தடவினது? பேரைச் சொல்லு! உன் வாழ்க்கையையே கெடுத்துட்டாங்களேடி!"

இத்தோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோரம் வந்து சிரித்தாள்.

"நான்தான். நாலு தடவையும் நான்தான். தலை மணந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கல்ல, அப்புறம் எனக்கு யாரு தலை தேய்ச்சுவிடுவா, கால்த்தி?"