அந்த ஒரு ஓட்டு

"அந்த ஒரு ஓட்டு யாரு ஓட்டுன்னு தெரியாம நான் இந்த வீட்ட விட்டுப் போகமாட்டேன்க்கா!"

வினோத்ராஜ் கூடத்தில் நின்று கத்தினான். பத்து வருடமாக ஜெபஷீலாவுக்குத் தேர்தல் வேலை பார்த்தவன். தோற்றது அவள்; அழுதது அவன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஏசுதாசன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஊராட்சிக்குத் தலைவியான முதல் பெண் ஜெபஷீலா. இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, பேருக்கு ஒருத்தி நிற்கட்டும், கையெழுத்தைப் புருஷன் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் ஊர்ப் பெரிய மனிதர்கள் அவளை நிறுத்தினார்கள். பதவியேற்ற அன்று ஏசுதாசனும் அந்த நினைப்பில்தான் தலைவர் நாற்காலியில் உட்காரப் போனார்.

"அங்கன உக்காராதீக. அது எனக்குப் போட்டது."

அன்றைக்கு வெளியே பெஞ்சுக்கு வந்தவர், பிறகு உள்ளே போகவே இல்லை.

அடுத்த தேர்தலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றானது. மூன்று ஆண்கள் நின்றார்கள். மூன்று பேரையும் தோற்கடித்தாள். கிழக்குத் தெருவுக்குக் குடிநீர் வந்ததும், கம்பம் போகிற பஸ் ஊருக்குள் திரும்பியதும் அவளால்தான்.

மூன்றாம் முறை எந்த ஆணுக்கும் எதிர்த்து நிற்கத் தைரியம் வரவில்லை. நின்றது சொர்ணலதா. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பெண். ஓட்டுக் கேட்க அவள்கூட வந்தது அவள் அம்மா மட்டும். டெபாசிட் போய்விடும் என்று ஊரே பரிதாபப்பட்டது.

நேற்று எண்ணி முடித்தபோது, ஒரே ஒரு ஓட்டில் ஜெபஷீலா தோற்றிருந்தாள்.

"வீட்டுக்குள்ள இருந்துதான்க்கா போயிருக்கு." வினோத்ராஜ் ஏசுதாசன் பக்கம் திரும்பினான். "மாமா, பத்து வருசமா பெஞ்சுல உக்கார வச்சதுக்குப் பழி வாங்கிட்டீகளா?"

"ஏலே, என்னலே பேசுற!"

"அப்ப மாதா கோயிலுக்கு வாங்க. சத்தியம் பண்ணுங்க."

ஏசுதாசன் எழுந்தார். வலது கால் இடது செருப்புக்குள் நுழையப் பார்த்தது.

"அவுக எங்கயும் வரமாட்டாக," என்றாள் ஜெபஷீலா. "ஓட்டுன்னா ரகசியம்லே. யாருக்குப் போட்டாகன்னு கேக்க நீ யாரு?"

"சரி, கோர்ட்டுக்குப் போவோம். ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. மறுபடி எண்ணச் சொல்லுவோம்."

"போடமாட்டேன். ஜெயிச்ச புள்ள நிம்மதியாப் பதவி ஏத்துக்கிடட்டும். நீ போய்ச் சாப்புட்டுத் தூங்கு."

முனகிக்கொண்டே போனான் வினோத்ராஜ்.

ஏசுதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை பேச்சுக்கும் அவள் தன்னை விட்டுக்கொடுக்கவில்லையே என்று உறுத்தியது. மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஷீலா... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல நான் சொல்லிக்கிடுறேன். உங்க மேல பழி விழுந்ததைப் பாத்துட்டு எனக்கு மனசு ஆறல." அவள் தலை நிமிரவில்லை. "ஓட்டுப் போடப் போனப்ப சொர்ணலதா வாசல்ல தனியா நின்னுச்சு. அந்த முகத்தப் பாக்க முடியல. நான் எப்படியும் ஜெயிச்சிருவேன். ஆனா ஆத்தாளும் மகளும் போடுற ரெண்டு ஓட்டத் தவிர அதுக்கு ஒண்ணும் விழுகாமப் போனா, நாளைக்கு எந்தப் பொம்பள நிக்கத் துணிவா? அதான்... என் ஓட்ட அந்தப் புள்ளைக்கே குத்திட்டேன்."

ஏசுதாசன் வாயைப் பிளந்தார்.

"அடிப்பாவி... நீயுமா?"