மல்லாட்டை கேட்ட மிஷின்

மயிலம் முருகன்மேல் ஆணை. இதில் ஓர் எழுத்து பொய்யென்றால், இனி எந்த ரயிலிலும் எனக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காமல் போகட்டும்.

விழுப்புரம் அப்பாதுரைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவர் இணையத்தில் நடத்திவந்த ‘காலை பாசஞ்சர்’ மன்றத்துக்குள் கள்ள உறுப்பினர்கள் புகுந்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் விழுப்புரம் பக்கமிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போனவர்களின் அரட்டை மன்றம் அது. வாட்ஸ்அப் வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விட்டாலும் பழைய பேச்செல்லாம் அங்கேதான் இருந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசனைக்குத் தூக்கம் கலைந்தது, சீட்டாட்டத்தில் திண்டிவனத்தைக் கோட்டைவிட்டு மேல்மருவத்தூரில் போய் இறங்கியது, மயிலம் ஸ்டேஷனில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் தின்றது, செத்துப்போனவர்கள் அடித்த ஜோக்குகள், எல்லாம்.

இப்போது வருகிறவர்களோ, ஒருவர் மூட்டுவலித் தைலம் விற்கிறார். ஒரு ரஷ்யக்காரி விழுப்புரத்தில் வாழ்க்கைப்படத் துடிக்கிறாள். குப்பையை நிறுத்தாவிட்டால் மன்றத்தையே அழித்துவிடுவோம் என்று இடம் கொடுத்த கம்பெனி எழுதிவிட்டது.

அப்பாதுரை துருவிப் பார்த்தார். வந்தவர்களின் பேர்தான் வேறு, மெயில் முகவரியின் வால் எல்லாருக்கும் ஒன்றே. கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக முகவரி கொடுத்து, சற்று நேரத்தில் தானே அழித்தும் விடுகிற தளம் அது. அந்த வாலோடு யார் வந்தாலும் பதிய முடியாதபடி பூட்டைப் போட்டார்.

குப்பை நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது.

தினமும் காலையில் புதுப்பேரில் ஓர் ஆள் வந்து, எழுத்து மாறாமல் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கம்: “சார், நான் புதுசு. மயிலத்துல அவிச்ச மல்லாட்டை இன்னும் வருதா?”

மன்றத்தின் பழைய பேச்சைப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்ட மிஷின்தான் இது என்று அப்பாதுரை தீர்மானித்திருந்தார். மனுஷன் எவனாவது கேட்டதையே தினமும் கேட்பானா? திண்டிவனத்தில் குடியேறிவிட்ட சகாயராஜ் மட்டும் அதற்குச் சளைக்காமல் பதில் எழுதுவார்: “வருது சார். நகர்ந்து உட்காருறோம், வாங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். பொழுது போகாத மனுஷன், மிஷினோடு குடும்பம் நடத்துகிறார் என்றார்கள்.

பூட்டுப் போட்ட மறுநாளே சகாயராஜ் போன் செய்து, அதை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. அப்பாதுரைக்கு எரிச்சல்.

“இன்னா சகாயம், மிஷினுக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீறீங்க? நம்ம குமரேசன் மக வூட்டுக்குப் போனவரு, ஒரு வரி எழுதினாரா? இத்தினி வருஷம் விக்கிரவாண்டியில ஏர்றவருக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சேன். அவரைக் கேக்க நாதியில்ல, மிஷினுக்கு அழுவுறீங்க.”

சகாயராஜ் நாளைக்குக் காலை பாசஞ்சரில் ஏறித் திண்டிவனம் வரச் சொன்னார்.

ஸ்டேஷனிலிருந்து நேரே ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்தது குமரேசனின் மகள் வெண்ணிலா. உள்ளே கட்டிலில், சவரம் செய்து சட்டை போட்டு, ஆபீசுக்குக் கிளம்பியவர் மாதிரி குமரேசன் உட்கார்ந்திருந்தார். மடியில் மகளின் போன்.

வெண்ணிலா தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. காலையில் எழுந்ததும் அந்த மன்றத்தில் புதிதாகச் சேர வேண்டும் என்பார். ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டது என்றால், பொய் சொல்கிறாய் என்று அழுவார். ஒரு பேரையும் முகவரியையும் அங்கே ஒரு தடவைதான் பதிய முடியும்.

“அதான் அங்கிள், தெனம் ஒரு முகவரி இலவசமாக் கெடைக்கிற தளத்துல எடுத்துக் குடுப்பேன். யாரும் அப்பாவைப் பாவம்னு பாக்கக் கூடாதுன்னு சகாயம் அங்கிள்கிட்ட மட்டும் சொன்னேன். ரெண்டு நாளா சேத்துக்க மாட்டேங்குது. சாப்பிடவும் மாட்டேங்குறாரு.”

அப்பாதுரை கட்டிலருகே போனார். குமரேசன் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் சட்டென்று சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க சார். மூணு பேர் சீட்டுதான், நகர்ந்தா நாலு பேரு உக்காரலாம். எங்க ஆளு ஒருத்தரு கீறாரு, அப்பாதுரைன்னு. எவன் வந்தாலும் வெரட்டிவுட்டுட்டு எனக்குன்னு துண்டு போட்டு வெப்பாரு. இன்னிக்கு ஏனோ எடமே இல்லன்றாங்க.” பிறகு குனிந்து மெல்லக் கேட்டார். “மயிலத்துல அவிச்ச மல்லாட்டை இன்னும் வருதா சார்?”

“வருது சார்” என்றார் அப்பாதுரை.

அங்கேயே உட்கார்ந்து தன் போனில் மன்றத்தின் பூட்டை எடுத்தார்.

இப்போது தைலக்காரரும் ரஷ்யக்காரியும் திரும்ப வந்துவிட்டார்கள். அப்பாதுரைக்கு வயசாகிவிட்டது, ஒரு கதவை ஒழுங்காகச் சாத்தத் தெரியவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஏசுகிறார்கள். அவர் வாயே திறப்பதில்லை. விடிந்ததும் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து, கம்பெனிக்காரன் கண்ணில் படுவதற்குள் கள்ளர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளுகிறார். மல்லாட்டை கேட்கிற ஆளை மட்டும் விட்டுவைத்து, சகாயராஜை முந்திக்கொண்டு பதில் எழுதுகிறார்: “வாங்க சார், துண்டு போட்டு வெச்சிருக்கேன்.”

இதை நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வெண்ணிலாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. யாராவது துருவினால், ஏதோ மிஷின் எழுதியிருந்தது என்று சொல்லிவிடுங்கள்.