நான்காம் எண் வில்லை

எண்ணெய்த் தொட்டியைக் கழுவ இறங்குகிறவன் தன் எண் வில்லையை வாசல் பலகையில் மாட்டுவான், ஏறியதும் எடுத்துக்கொள்வான். பலகை காலியான பிறகே மூடி போட வேண்டும். போன வருஷம் காவல்காரர் அவசரத்தில் பலகையைப் பார்க்காமல் மூடிவிட்டார். உள்ளே அவருடைய தம்பி இருந்தான்.

இன்று மூன்று பேர் கசடை வழித்துவிட்டு ஏறினார்கள். மூன்று வில்லைகளும் போயின. நான்காம் எண் மட்டும் தொங்கியது.

“மூடுங்கண்ணே, பசி உயிர் போகுது.”

“இதை யாருடா மாட்டினது?”

“விளையாடாதீங்க. அது உங்க தம்பியோடதாச்சே!”

தொட்டிக்குள் ஆவி தலைக்கேறினால் குரல் வராது, கயிறுதான் பேச்சு. ஓர் இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் தூக்கு. காவல்காரர் உள்ளே தொங்கிய கயிற்றை ஒருமுறை இழுத்தார்.

பதிலுக்கு இரண்டு வந்தன.

தூக்கினார். கயிறு கனத்தது.