படம் ஒன்று

சிலுவைராஜ் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் அந்தத் தாள்களை வாங்கினான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக் காட்டுக்குள் மேடேறி வந்த டாக்டர் பாகீரதிக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு திருப்தி. சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று.

எழுபத்திரண்டில் ஆராய்ச்சிக்காக இந்த எஸ்டேட்டுக்கு வந்து, பெண்களின் முன்கழுத்து வீக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனவள் அவள். சிலுவைராஜின் அம்மா மரியபுஷ்பத்தை மட்டும் படமும் எடுத்தாள். புஸ்தகத்தில் வரும், வந்ததும் நானே கொண்டுவந்து தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வர மூன்று வருஷம் பிடித்தது. கட்டுரையை அனுப்பி, அவர்கள் திருத்தச் சொல்லி, திருத்தி, மறுபடி அனுப்பி, பம்பாயில் அச்சாகி வருவதற்குள் மரியபுஷ்பம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு வேறு படமே கிடையாது, வருஷ பூசைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது என்று சிலுவைராஜ் யாரிடமோ சொல்லி டாக்டருக்கு எழுதிப் போட்டிருந்தான்.

பூசை நாளைக்கு. சுவரில் ஆணி அடித்தாயிற்று. பஜாரில் கண்ணாடிச் சட்டம்கூட வாங்கி வைத்துவிட்டான்.

"மரியபுஷ்பம் இங்கிலீஷ் புஸ்தகத்துல ஏறிட்டா. நம்ம கங்காணி ரேஷன் கார்டத் தாண்டி எதுலயும் ஏறல" என்றாள் பக்கத்து வீட்டு நாச்சம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார்.

"ஏம்மா, இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள் நாச்சம்மாள்.

"உப்பை மாத்தணும்னு எழுதியிருக்கேன். அயோடின் சேர்த்த உப்பு."

"எங்க எஸ்டேட் கடையில கெடைக்குமா?"

"இன்னும் வரலை" என்றாள் பாகீரதி.

சிலுவைராஜ் பக்கம் புரட்டினான். முதல் பக்கத்தில் பாகீரதியின் பெயர். பீர்மேடு ஏற்றத்தில் பஸ் திணறிய நேரமெல்லாம் அவள் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்த பெயர். அப்புறம் எழுத்து, எழுத்து, கட்டம் போட்ட எண்கள்.

அடுத்த பக்கத்தில் படம்.

அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நெற்றிக்குக் கீழே, காதிலிருந்து காதுவரை ஒரு கறுப்புப் பட்டை. கண் இல்லை.

பாகீரதிக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

பார்க்காத பக்கமா? அச்சுக்கு முன்னால் வந்த தாளில் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்தவள். மருத்துவப் பத்திரிகைகளில் நோயாளி படம் என்றால் இப்படித்தான் இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகியது. அந்தப் பட்டையை ஸ்கேல் வைத்து மையால் இழுத்ததே அவள்தான். கோணாமல் வந்திருக்கிறது என்று பேராசிரியர்கூடச் சொன்னார்.

சிலுவைராஜின் பெண்டாட்டி சிசிலி முன்னால் வந்து குனிந்தாள்.

"மை ஒட்டியிருக்கு போல" என்று சேலை முந்தியை நாக்கில் நனைத்து, பட்டையின் மேல் மெதுவாகத் துடைத்தாள். குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல.

"போகாது சிசிலி. அது அப்படியே அச்சானது." என்றாள் பாகீரதி. "எங்களுக்கு ஒரு நியமம் உண்டு. யாருன்னு தெரியப்படாது. பேர்கூடப் போடலை பாரு. அவாளோட மானத்துக்குத்தான்."

"பட்ட போடாத படம் ஒண்ணு இருக்கும்லா? பிலிமு?" என்று கேட்டான் சிலுவைராஜ்.

இருந்த ஒரே பிரதியில்தான் பட்டை போட்டு பம்பாய்க்கு அனுப்பினாள். பிலிம் பேராசிரியர் மேஜையில் கிடந்தது. அவர் ஓய்வு பெற்றபோது அறையைக் காலி செய்து, பழைய சாமானையெல்லாம் கொளுத்திவிட்டார்கள்.

"இல்லைப்பா."



சிலுவைராஜ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டையை அல்ல. அதற்குக் கீழே. அச்சு நன்றாக விழுந்திருந்தது. கழுத்து வீக்கத்தின் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு நரம்பும் அத்தனை சுத்தமாகத் தெரிந்தது.

"டாக்டரம்மா" என்றான். குரலில் கோபம் இல்லை. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அம்மா கழுத்தத் துண்டு இல்லாம நான் பாத்ததில்ல. ராத்திரி படுக்கையிலயும் சுத்தியிருக்கும். பெட்டியில வைக்கையிலகூட எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் செத்தா."

அவன் விரல் படத்தின் கழுத்துக்கு இறங்கியது.

"மொகம் ஊரே பாத்ததுதான். இத நாங்க யாருமே பாத்ததில்ல."

வாசலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கங்காணி செருப்பைத் தேடினார்.

படம் எடுத்த அன்றைக்கு எஸ்டேட் டிஸ்பென்சரிக் கதவைத் தாழ் போட்ட பிறகும் அந்த அம்மாள் துண்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது பாகீரதிக்கு நினைவு வந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, வெளிச்சம் போய்விடும் என்று அவசரப்படுத்தினாள். கட்டுரையில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

சிலுவைராஜ் உள்ளங்கையை அந்தக் கழுத்தின் மேல் வைத்து மூடினான்.

பட்டைக்கும் கைக்கும் நடுவில் உதடு மட்டும் மிஞ்சியது.

லேசாகச் சிரித்திருந்தது.