ஒன்பதாவது டிராக்

டிரம்ஸ் வாசித்த அமலன் சாலை விபத்தில் இறந்த பிறகு, கோவளத்து மாதா பாட்டுகளுக்கு ஸ்டுடியோக்கார வின்சென்ட் கம்ப்யூட்டரிலேயே டிரம்ஸ் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டரிலிருந்த டிரம் மெஷினில் எட்டு ஒலிகள். ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்குக்கு அனுப்பினால்தான் வேண்டியதை மட்டும் கூட்டிக் குறைக்க முடியும். அன்று காலை பிரித்து முடித்து எண்ணிப் பார்த்தான். ஒன்பது டிராக்குகள் இருந்தன.

"இன்னாண்ணா, இன்னுமா ஆவல?" என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பாட வந்திருந்த செலின். அமலனின் மனைவி.

"ஒரு டிராக் ஜாஸ்தியா கீதும்மா. இரு, இன்னான்னு பாக்கறேன்" என்றான், அவள் பக்கத்து ஸ்பீக்கருக்குப் பேச்சு மட்டும் போகும் மைக்கில்.

மற்ற எட்டையும் அடக்கிவிட்டு ஒன்பதாவதை மட்டும் ஓடவிட்டான். இரண்டு குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. மெஷினில் குச்சிச் சத்தமே கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அமலன் இப்படித்தான் நாலு தட்டுவான். நாலாவது விழுந்ததும் செலின் பாட்டை எடுப்பாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு டிராக் முடிந்துவிட்டது.

டிராக்கில் ஓடுவது செலினுக்கு ஹெட்போனில்தான் கேட்கும்; அது இன்னும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மெல்லத் திரும்பி, தனக்குப் பின்னாலிருந்த அமலனின் காலி முக்காலியைப் பார்த்தாள். சரி என்பதுபோலத் தலையசைத்தாள். பிறகு பாட்டை எடுத்தாள்.