கதவுக்கு முன்னால்

சிறைப் பட்டறையில், இல்லாத வீட்டைக்கூடக் கண்முன் காட்டும் வி.ஆர். கண்ணாடி ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டுதான் கைதி மாசிலாமணி வயரிங் வேலை கற்றான். இன்று தேர்வு. தேறினால் வெளியே வேலை உறுதி.

கண்ணாடி ஒரு வீட்டைக் காட்டியது. உள்ளே போய் மின்விசிறியைப் பழுதுபார்க்க வேண்டும். மாசிலாமணி மூடிய கதவின் முன் கைகட்டி நின்றான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"பூட்டண்ணே, வேலையெல்லாம் இவனுக்கு அத்துப்படி. கதவைத் தள்ளாம ஏன் நிக்கிறான்?" கண்ணாடி பதறியது.

"இத்தனை வருஷமா காவலர் ஐயா வந்து என்னைத் திறந்த பிறகுதானே நடந்திருக்கான்" என்றது பட்டறைப் பூட்டு.

"அது பூட்டாத கதவுன்னு நீயாவது சொல்லேன்!"

"நான் சொன்னா நம்புவானா, தம்பி?"

நேரம் முடியப் போனது. மாசிலாமணி மெல்லக் கூப்பிட்டான்: "ஐயா, கதவு..."

கண்ணாடி காட்டிய வீட்டில் ஐயா யாரும் இல்லை.